தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு கிட்டார் ஆம்ப்: செட்டிநாட்டுப் பக்கம் புதிதாகக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோயில் திருவிழா மேடையில் நீங்கள் வாசிக்கிற கிட்டாரை எதிரே உட்கார்ந்திருக்கிற சனம் உங்கள் ஆம்ப்பில் (கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஸ்பீக்கர் பெட்டி) இருந்து கேட்பதில்லை. மைக்செட்காரர் மேடைக்கு இரண்டு பக்கமும் அடுக்கியிருக்கிற பெட்டிகளில் இருந்துதான் கேட்கிறார்கள். உங்கள் ஆம்ப் உங்களுக்கும், பக்கத்தில் நிற்கிற கீபோர்டுகாரருக்கும், டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். இது மனதில் ஏறிவிட்டால் 100 வாட் வேண்டும், இரண்டு ஸ்பீக்கர் வேண்டும் என்ற ஆசையெல்லாம் தானாகக் குறைந்துவிடும். எடை குறைந்த ஆம்ப்பைத் தேடுவதும் அப்புறம் சுலபம்.

எங்கே வாசிக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள்

நம் பக்கத்தில் கச்சேரி என்றால் பெரும்பாலும் மூன்று விதம். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழா, கொப்புடையம்மன் கோயில் திருவிழா மாதிரியான பெரிய மேடை ஒன்று. கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று வீட்டு விசேஷங்கள் இன்னொன்று. கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் ஓட்டலாக மாறியிருக்கிற பெரிய வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு மெதுவாக வாசிக்கிற வேலை மூன்றாவது. கல்லூரி விழாவெல்லாம் முதல் வகையோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பெரிய மேடைக்கு ஆம்ப் தூக்குவது அவ்வளவு கஷ்டமில்லை, வேன் மேடைக்குப் பின்னாலேயே வந்துவிடும், கை கொடுக்க நாலு பேர் இருப்பார்கள். கஷ்டமெல்லாம் வீட்டு விசேஷத்தில்தான். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் இவை. வண்டி வாசலோடு நின்றுவிடும், கச்சேரி உள்ளே வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில் இருக்கும், நடுவில் ஒவ்வொரு வாசலுக்கும் முழங்கால் பக்கம் வருகிற நிலைப்படி. சக்கரம் வைத்த தள்ளுவண்டியெல்லாம் இங்கே ஆகாது, கையில்தான் தூக்க வேண்டும். போதாததற்குக் கீழே ஆத்தங்குடிக் கல். ஆம்ப்பின் இரும்பு மூலை அதில் ஒரு இழுப்பு இழுத்தால் விழுகிற கோடு போகாது, அந்த வீட்டு ஆச்சி உங்களை மறுபடி கூப்பிடவும் மாட்டார். அதனால் வாங்குகிற ஆம்ப்பின் அடியில் நாலு ரப்பர் கால்களும் உறுதியாக இருக்கின்றனவா என்று பாருங்கள், எதற்கும் பையில் ஆம்ப்புக்குக் கீழே போட ஒரு சின்ன விரிப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடுகளின் சத்தமும் தனி ரகம். வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், கல் தரை, திரைச்சீலை கிடையாது. ஒரு கார்டு அடித்தால் அது சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அங்கே ரிவெர்ப் (எதிரொலி) குமிழைச் சுத்தமாகப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு வாசிக்கலாம், ரிவெர்பை வீடே கொடுத்துவிடும். பெரிய வாட் ஆம்ப் அங்கே உபத்திரவம்தான்.

எடை எங்கிருந்து வருகிறது

ஒரு ஆம்ப்பில் கனமாக இருப்பவை மூன்று: டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கரின் காந்தம், மரப்பெட்டி. பழைய வால்வு ஆம்ப்பில் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வைத்தது) மின்சாரத்துக்கு ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர், வால்வில் இருந்து ஸ்பீக்கருக்குப் போக இன்னொன்று என்று இரண்டு இரும்புக் கட்டிகள் இருக்கும். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் சுமார் 29 கிலோ. ரோலண்ட் ஜேசி-120 வால்வே இல்லாதது, 1975-இல் இருந்து விற்கிறது, அதுவும் 28 கிலோ பக்கம். இரண்டுமே அருமையான ஆம்ப்கள், வேறு யாராவது தூக்கி வைத்தால்.

இப்போது வருகிற எடை குறைந்த ஆம்ப்கள் இந்த மூன்றிலும் கை வைக்கின்றன. பெரிய டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாக, கம்ப்யூட்டரில் இருக்கிற மாதிரி எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை. சத்தத்தைப் பெருக்குகிற பகுதி கிளாஸ்-டி என்கிற வகை, அது அதிகம் சூடாகாது, அதனால் சூட்டை வெளியேற்றுகிற பெரிய அலுமினிய ஹீட்சிங்க் தேவையில்லை. ஸ்பீக்கரில் ஃபெரைட் காந்தத்துக்குப் பதில் நியோடிமியம், இதில் மட்டுமே 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றுக்கு இரண்டு கிலோ வரை மிச்சம். அதே ட்வின் ரிவெர்பை டோன் மாஸ்டர் என்ற பெயரில் 2019-இல் ஃபெண்டர் இப்படி இறக்கியது, 15 கிலோவுக்கு வந்துவிட்டது. டீலக்ஸ் ரிவெர்பின் டோன் மாஸ்டர் வடிவம் பத்தரைக் கிலோ பக்கம்தான், வால்வு வைத்தது 19 கிலோ.

பெட்டி மரத்தையும் கவனியுங்கள். எம்டிஎஃப் பலகை கனம், தண்ணீர் பட்டால் ஊதிவிடும். ஐப்பசி மழையில் திறந்த டாடா ஏஸில் போகிறவர்களுக்கு பிளைவுட் அல்லது பைன் மரப்பெட்டி நல்லது. பின்பக்க ஸ்க்ரூ ஓட்டை வழியாகப் பார்த்தாலே என்ன பலகை என்று தெரியும்.

எவ்வளவு எடை வரை தூக்கலாம் என்று கேட்டால், பஸ்ஸிலோ டூவீலரிலோ போகிறவருக்கு 12 கிலோதான் எல்லை என்பேன். சொந்த வண்டி இருந்தால் 15. கடையில் எல்லாரும் ஆம்ப்பை இரண்டு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு "பரவாயில்லையே" என்கிறார்கள். கச்சேரிக்குப் போகும்போது முதுகில் கிட்டார், தோளில் பெடல் (காலால் மிதித்து டோனை மாற்றுகிற சின்னப் பெட்டி) பை, ஆம்ப்புக்கு மிஞ்சுவது ஒரே கை. அதே மாதிரி கிட்டாரையும் மாட்டிக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஒரு தடவை ஏறி இறங்குங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை. கைப்பிடி நடுவில் இருக்கிறதா, தூக்கினால் பின்பக்கம் சாய்ந்து காலில் இடிக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

வாட் கணக்கு

50 வாட்டில் இருந்து 100 வாட்டுக்குப் போனால் சத்தம் இரண்டு மடங்கு ஆகும் என்று நினைப்பவர்கள் அதிகம். கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்கிற அளவு. காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும்) என்று ஒரு எண் இருக்கும், 97 டெசிபல், 100 டெசிபல் என்று. 97 ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 ஸ்பீக்கரைப் போட்டால் ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்கிய பலன். எனவே வாட்டைத் துரத்தாதீர்கள். டிரம்ஸ் இருக்கிற மேடையில் 12 இஞ்ச் ஸ்பீக்கரோடு 40, 50 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் போதும். ரிதம் பேட், தபேலா என்று இருக்கிற குழுவுக்கு 30 வாட்டே தாராளம். வால்வு ஆம்ப்பாக இருந்தால் 15, 20 வாட்டிலேயே காரியம் முடிந்துவிடும், ஏனென்றால் வால்வு எல்லையைத் தாண்டும்போது வருகிற கரகரப்பு காதுக்கு உறுத்தாது, கடைசிச் சொட்டு வரை பயன்படுத்தலாம்.

8 இஞ்சுக்குக் கீழே ஸ்பீக்கர் இருக்கிற வீட்டு ஆம்ப்களைக் கச்சேரிக்கு எடுக்க வேண்டாம், கிட்டாரின் கீழ் ஸ்ட்ரிங்குகள் மேடையில் காணாமல் போய்விடும்.

மைக்செட்காரருக்கு என்ன கொடுப்பீர்கள்

வாங்குவதற்கு முன்னால் ஆம்ப்பைத் திருப்பி முதுகைப் பாருங்கள். எக்ஸ்எல்ஆர் லைன் அவுட் (மூன்று பின் மைக் கேபிள் மாட்டுகிற ஜாக்) இருக்கிறதா? இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, மைக் கேபிளையே குத்தி மிக்சருக்கு அனுப்பலாம். அந்த லைன் அவுட்டில் கேபினெட் சிமுலேஷன், அதாவது ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்கிற வசதி, உண்டா என்று அடுத்துக் கேளுங்கள். கிட்டார் ஸ்பீக்கர் உச்ச அலைவரிசைகளை வடிகட்டிவிடும், அந்த வடிகட்டல் இல்லாமல் டிஸ்டார்ஷன் கரகரப்பை நேராக மிக்சருக்கு விட்டால் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி இருக்கும். சுத்தமான டோனில் அவ்வளவாகத் தெரியாது, அதனால்தான் கடையில் இதை யாரும் கவனிப்பதில்லை.

இன்னொரு கண்ணி: சில சின்ன ஆம்ப்களில் ஹெட்போனுக்கும் ரெக்கார்டிங்குக்கும் சேர்த்து ஒரே ஜாக்தான் இருக்கும், அதில் கேபிளைக் குத்தியதும் ஆம்ப்பின் ஸ்பீக்கர் அணைந்துவிடும். பாஸ் கம்பெனியின் கட்டானா 50 எம்கே2 அப்படித்தான். மைக்செட்டுக்குச் சத்தம் போகும், உங்களுக்கு ஒன்றும் கேட்காது. அந்த மாதிரி ஆம்ப் என்றால் முன்னால் ஒரு மைக் வைப்பதுதான் வழி. ஷூர் எஸ்எம்57 இல்லாவிட்டால் பாடுகிற மைக்கையே ஸ்பீக்கர் துணியை ஒட்டி, கூம்பின் நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நடு மத்தியில் வைத்தால் கீச்சென்று இருக்கும், ஓரத்துக்குப் போகப் போகச் சத்தம் கனமாகும்.

ஆம்ப்பைத் தரையில் வைத்தால் அது உங்கள் கெண்டைக்காலுக்குத்தான் வாசிக்கும். 12 இஞ்ச் ஸ்பீக்கரின் தெளிவான சத்தமெல்லாம் நேர்கோட்டில்தான் போகும், காது அந்தக் கோட்டில் இல்லாததால் நீங்கள் சவுண்டை ஏற்றிக்கொண்டே போவீர்கள், கொஞ்ச நேரத்தில் மிக்சர் பக்கம் இருந்து குரல் வரும்: "தம்பி, ஒங்க பொட்டியக் கொஞ்சம் கொறைங்க, பாட்டு மைக்குல ஏறுது." பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிக்கா பஞ்சம்? ஒன்றை எடுத்து அதில் ஆம்ப்பை வைத்து, முகம் லேசாக மேலே பார்க்கிற மாதிரி சாய்த்துவிடுங்கள். பாதி வால்யூமில் முழுதாகக் கேட்கும். எடை குறைந்த ஆம்ப் என்பதால்தான் நாற்காலி தாங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

கரண்ட்: இங்கேதான் ஆம்ப்கள் சாகின்றன

திருவிழா மேடையில் பாதி நேரம் ஜெனரேட்டர் ஓடும். சீரியல் விளக்கு, ஃபோகஸ் லைட், மைக்செட் எல்லாம் அதே லைனில். சுவிட்ச் போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன மல்டிமீட்டரை பிளக்கில் வைத்துப் பாருங்கள். 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில், 207-இல் இருந்து 253-க்குள் இருந்தால் சரி. 280, 300 என்று காட்டினால் தொடவே வேண்டாம், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் கழன்றால் ஒரு பக்கம் 400 வோல்ட் வரைகூட ஏறும், பந்தல் ஒயரிங்கில் நியூட்ரல் லூசாக இருப்பது அதிசயம் இல்லை.

வோல்டேஜ் குறைந்தால் பழைய டிரான்ஸ்பார்மர் ஆம்ப் சோர்ந்துவிடும். 100-240 என்று முதுகில் அச்சடித்திருக்கிற எஸ்எம்பிஎஸ் ஆம்ப் 180 வோல்ட்டிலும் கவலைப்படாமல் ஓடும், கிராமத்துக் கச்சேரிக்கு இது பெரிய வசதி. ஆனால் இலேசான ஆம்ப் எல்லாமே 100-240 என்று நினைத்துவிடாதீர்கள், லேபிளைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஈ.பி.யில் இருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும்போது ஆம்ப்பை அணைத்துவிட்டு, ஓட்டம் நிதானமான பிறகு போடுங்கள்.

எர்த் பற்றி விளையாட்டே வேண்டாம். எர்த் இல்லாத பிளக்கில் எஸ்எம்பிஎஸ் ஆம்ப்பை மாட்டினால் உள்ளே இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாக உடல்பகுதிக்கு ஏறக்குறைய பாதி வோல்டேஜ் வந்து நிற்கும், ஸ்ட்ரிங்கைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவுதான். ஆனாலும் உங்கள் கை ஸ்ட்ரிங்கிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது, ஒயரிங்கில் வேறு கோளாறும் சேர்ந்துகொண்டால் அது உயிருக்கே ஆபத்து. பாடப் போவதற்கு முன்னால் மைக்கின் வலையிலும் கிட்டார் ஸ்ட்ரிங்கிலும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், எரிந்தால் வாசிக்க வேண்டாம், சரி பண்ணச் சொல்லுங்கள். 'ம்ம்ம்' என்று உறுமல் வருகிறது என்பதற்காக மூன்று பின்னில் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்கிற ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். உறுமலுக்கு லைன் அவுட்டிலோ டிஐ பாக்ஸிலோ (கிட்டாரை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டி) 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அது ஆடியோ கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது. அதைப் போட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருந்து வருகிற ஆம்ப்

நம் ஊரில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ யாராவது ஒரு சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. அங்கேயும் நம்மைப் போலவே 230-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஆம்ப் அப்படியே ஓடும், தட்டைப் பின் பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும், கழற்றுகிற மாதிரி கேபிள் என்றால் கேபிளையே மாற்றிவிடலாம். அமெரிக்காவில் இருந்து வருகிற 120 வோல்ட் ஆம்ப் வேண்டவே வேண்டாம். அதற்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கூடவே தூக்க வேண்டும், இலேசான ஆம்ப் வாங்கியதற்கே அர்த்தம் போய்விடும். மறந்து நேராக மாட்டினால் அன்றோடு அது முடிந்தது. வாரண்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும்.

எதைப் பார்க்கலாம்

எலக்ட்ரிக் கிட்டாருக்கு முதல் ஆம்ப் என்றால் கட்டானா 50 வகையைத்தான் பலரும் சொல்வார்கள், நானும் அதையே சொல்வேன். பதினொன்றரைக் கிலோ பக்கம், 12 இஞ்ச் ஸ்பீக்கர், அரை வாட், 25, 50 என்று சத்தத்தைக் குறைக்கிற சுவிட்ச், எஃபெக்ட் உள்ளேயே இருப்பதால் பெடல் பை ஒன்று குறையும். லைன் அவுட் விஷயம்தான் மேலே சொன்னேனே. 100 வாட் மாடல் சுமார் 15 கிலோ. சுத்தமான டோன்தான் முக்கியம், பணமும் இருக்கிறது என்பவர் டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்பைப் பார்க்கலாம், சத்தத்தை 22-இல் இருந்து 0.2 வாட் அளவு வரை படிப்படியாக இறக்குகிற சுவிட்சும், கேபினெட் சிமுலேஷனோடு எக்ஸ்எல்ஆர் லைன் அவுட்டும் இருக்கின்றன, வளவில் வாசிக்கத் தோதானது. விலை கட்டானாவைப் போலப் பல மடங்கு வரும். பட்ஜெட் இன்னும் குறைவு என்றால் ஸ்ட்ரேஞ்சர் மாதிரி இந்தியத் தயாரிப்புகள் இருக்கின்றன, ஆனால் எடையை மட்டும் கடையில் தூக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆரஞ்ச் மைக்ரோ டெரர் மாதிரி ஒரு கிலோ கூட இல்லாத தலைப்பகுதி ஆம்ப்களைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. அதற்குத் தனியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி, அதாவது கேபினெட் வேண்டும், நம் பக்கத்து மேடைகளில் கேபினெட் யாரும் வைத்திருப்பதில்லை. அந்தக் கேபினெட்டின் எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆம்ப்புக்கும் கேபினெட்டுக்கும் ஓம் (மின்தடை அளவு) பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட விட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

அக்கூஸ்டிக் கிட்டாரும் பாட்டுமாக ஓட்டலில் வாசிக்கிறவர் எலக்ட்ரிக் ஆம்ப் பக்கமே போக வேண்டாம். ட்வீட்டர் வைத்த அக்கூஸ்டிக் ஆம்ப் தனி வகை. ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி 60 வாட், 9 கிலோ பக்கம், கிட்டாருக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என்று இரண்டு சேனல். முற்றத்தில் பிளக் கிடைக்காது, ஒயர் இழுக்க விடமாட்டார்கள் என்ற இடத்துக்கு ரோலண்ட் ஏசி-33: ஐந்து கிலோகூட இல்லை, ஏஏ பேட்டரி எட்டில் ஓடும். பேஸ் கிட்டார்காரருக்கு ஃபெண்டர் ரம்பிள் 100 பத்துக் கிலோவில் கிடைக்கிறது. பேஸை கிட்டார் ஆம்ப்பில் மாட்டி ஸ்பீக்கரைக் கிழிக்காமல் இருந்தால் சரி.

ஆம்ப்பே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். மல்டி எஃபெக்ட் பெடலில் இருந்து நேராக மிக்சருக்குக் கொடுத்துவிட்டு மானிட்டரில் கேட்பது. எடை என்று பார்த்தால் இதை மிஞ்ச முடியாது. ஆனால் மானிட்டர் மைக்செட்காரர் கையில் இருக்கிறது. பாடுகிறவர், கீபோர்டு, தபேலா எல்லாரும் கேட்ட பிறகு உங்கள் முறை வரும், சில சமயம் வரவே வராது. உங்களுக்கென்று ஒரு சின்னப் பெட்டி பின்னால் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

வாங்கும் நாள்

நல்ல தேர்வு வேண்டுமென்றால் மதுரை, திருச்சி, இல்லாவிட்டால் பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னை. உங்கள் சொந்தக் கிட்டாரையும் கேபிளையும் எடுத்துப் போங்கள், கடைக்காரர் விலை உயர்ந்த கிட்டாரில் வாசித்துக் காட்டினால் எந்த ஆம்ப்பும் நன்றாகத்தான் இருக்கும். எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சுத்தமான டோனில் தொடங்குங்கள், வால்யூமை முக்கால் வரை ஏற்றிக் கீழ் இ ஸ்ட்ரிங்கை அடித்துப் பெட்டி அதிர்கிறதா என்று கேளுங்கள், அப்புறம் வால்யூமை இறக்காமல் கையை எடுத்துவிட்டு சும்மா நில்லுங்கள், இரைச்சல் எவ்வளவு என்று தெரியும். லைன் அவுட்டைக் கடையில் இருக்கிற ஏதாவது ஒரு மிக்சரில் குத்திக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு கடை.

எடை குறைந்த ஆம்ப்புக்கு ஒரு குறை உண்டு, அதை விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். பழைய வால்வு ஆம்ப்பை ரேடியோ ரிப்பேர் தெரிந்த ஒரு பெரியவர் ஊரிலேயே திறந்து சரி பண்ணிவிடுவார், ரெசிஸ்டர் எது, கெபாசிட்டர் எது என்று கண்ணுக்குத் தெரியும். கிளாஸ்-டி போர்டில் எல்லாமே கடுகு மாதிரிப் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும், போனால் முழு போர்டையும் மாற்ற வேண்டும், அதற்குக் கம்பெனி சர்வீஸ்தான். அதனால் வாரண்டி எத்தனை வருஷம், சர்வீஸ் சென்டர் எந்த ஊரில், அட்டைப் பெட்டியில் கட்டி அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களா என்று பில் போடுவதற்கு முன்னாலேயே கேளுங்கள். இதே காரணத்துக்காகப் பழைய டிஜிட்டல் ஆம்ப்பை இரண்டாம் கையாக வாங்குவதை நான் சிபாரிசு செய்வதில்லை, பாதி விலைக்குக் கிடைத்தாலும்.

கூடவே ஒரு ரெக்சின் உறையும் வாங்கிவிடுங்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் மத்தியானம் முழுக்க ஆம்ப்பை வைக்காதீர்கள், ஒட்டிய துணியின் பசை இளகிவிடும். டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன் தட்டில் வைத்துக்கொண்டு போகிறவர்கள், ஸ்பீக்கர் முகம் தன் காலைப் பார்க்கிற மாதிரி வைத்து மேலே ஒரு ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். பின் சீட்டில் ஆள் உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறேன் என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.